ஐயரிடம் கொடுக்காத பெயர்

லெ பிளாங்-மெனில்,
12.06.2022

அன்புள்ள மச்சாள் ரூபிகாவுக்கு,

யோகராணி எழுதிக்கொள்வது. இங்கே நானும் இவரும் உம்முடைய மகன் கீர்த்தனனும் சுகமாக இருக்கிறோம். நீரும் ஞானம்மா மாமியும் காஸுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்று கால் வீங்காமல் இருக்கவேண்டும் என்று வெள்ளிக்கிழமை தோறும் பாரிஸ் ரூ பஜோல் கோயில் பிள்ளையாரிடம் சொல்லிவருகிறேன். அவருக்குக் காது பெரிசுதானே, கேட்காமலா போகும்.

இதைக் கொண்டுவருகிறவர் சிவமணி அண்ணை. லா சப்பலில் நான் வேலை செய்கிற சாறிக்கடைக்கு எதிரே ரெலிபோன் கடை வைத்திருக்கிறவர். பையில் நான்கு பால்மாப் பெட்டி, மாமிக்கு மூன்று மாதத்துக்கான பிரஷர் குளிசை, உமக்கு ஒரு சாறி. பிளவுஸை நானே தைத்தேன். அளவு பழைய அளவு. போனில் பார்க்க மெலிந்துபோய் இருக்கிறீர், இரண்டு பக்கமும் பிடித்துப்போடும்.

கிழமைக்கு இரண்டு தரம் போனில் முகம் பார்த்துக் கதைக்கிறோம், பிறகேன் இவள் கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பீர். ஒரு கதையை எடுத்தால் மட்டும் உம்முடைய போனுக்கு லைன் கிளியர் இல்லாமல் போய்விடுகிறது. மூன்று தரம் எடுத்தேன். மூன்று தரமும் கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டீர். கடிதத்தை அப்படி வைக்க முடியாது. இது என் தம்பியைப் பற்றியது, உங்கள் இரண்டு பேருடைய மகனைப் பற்றியது. ஆடி அமாவாசைக்கு முன்னம் எனக்கு உம்மிடமிருந்து ஒரு பதில் வேண்டும். ஆனால் எங்கள் கடற்கேணியின் கதையைச் சொல்லாமல் அதைக் கேட்க எனக்கு வாய் வராது. பன்னிரண்டு வருடமாக உமக்குச் சொல்லாமல் வைத்திருந்த கதை. சொல்லாததற்குக் காரணம் உண்டு. அது நடந்த 2010ஆம் ஆண்டு ஆடியில் நீர் பிள்ளையோடு செட்டிகுளம் முகாமில் இருந்தீர். அந்த நேரம் நான் இங்கே வயிறு குலுங்கச் சிரித்தேன் என்று உமக்கு எப்படிச் சொல்வது?

இங்கே அதற்கு முதல் ஆடி அமாவாசை என்றால் வீட்டுக் குளியலறையில் தலை முழுகுவோம், லா சப்பல் கடையில் காத்தோட்டிக்காய் வாங்கிக் கறி வைப்போம், அவ்வளவுதான். அந்த வருடம், ஊரில் சண்டை முடிந்த கையோடு, எல்லோருக்கும் மனம் ஒரு மாதிரி. செத்தவர் கணக்கு ஒரு வீட்டிலும் சரியாகத் தெரியாது. கடலுக்குப் போவோம் என்று ஆளாளுக்குச் சொல்ல, சிவமணி அண்ணை தனக்கு ஓர் இடம் தெரியும் என்றார். நோர்மண்டிக் கரையில் ஒரு சின்ன ஊர். முன்னொரு கோடையில் அங்கே ஹோட்டலில் கோப்பை கழுவினவராம். வேலை முடிந்து பின்னேரம் எட்டு மணிக்குப் பார்த்தால் றோட்டுச் சுவர் வரைக்கும் தண்ணீராம், எங்கள் ஊர்க் கீரிமலைத் தீர்த்தமே தோற்றுப்போகுமாம். பஸ் பிடித்து ஐம்பத்திரண்டு பேர் விடிய ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். ஐயர் முன் சீற்றில். மடியில் தர்ப்பையும் எள்ளும்.

மத்தியானம் போய் இறங்கினால் கடல் இல்லை, மச்சாள். மணல், சேறு, பாசி பிடித்த கல்லு, அதற்கங்கால் தூரத்தில் ஒரு வெள்ளிக் கோடு. எங்கள் ஊர்க் கடல் ஒரு முழம் ஏறும், ஒரு முழம் இறங்கும். கடல் வீட்டை விட்டுப் போனதுபோலப் போகும் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. எல்லோரும் சிவமணி அண்ணையைப் பார்த்தார்கள். அவர், சத்தியமாய் இங்கேதான் இருந்தது என்று, பொக்கற்றில் தேடாத குறை.

அப்போதுதான் அந்தக் கேணியைக் கண்டோம். கடல் இருக்கவேண்டிய இடத்தில் மூன்று பக்கம் சீமெந்துச் சுவர், கரைப்பக்கம் படிக்கட்டு, நடுவில் குதிக்கிற மேடை. கடல் பெருகும்போது சுவருக்கு மேலால் உள்ளே வரும். வத்தும்போது கேணித் தண்ணீர் மட்டும் அப்படியே நிற்கும். நகரசபைக்குச் சொந்தமான குளிக்கிற இடம், ஊர்ச்சனம் எல்லாம் சும்மா வந்து குளித்துவிட்டுப் போகலாம். எங்களுக்கு அது தெரியாதே. படிக்கட்டும் உப்புத் தண்ணீரும் கண்டவுடன், வெள்ளைக்காரனும் அமாவாசைக்கென்று கேணி கட்டி வைத்திருக்கிறான் என்று நினைத்துவிட்டோம். ஐயர் படியில் இருந்தார். தகப்பன் இல்லாத ஆண்கள் எல்லாம் வேட்டியோடு இடுப்பளவு தண்ணீரில் இறங்கினார்கள். பிண்டம், எள்ளு, பூ, வாழையிலை, பால் எல்லாம் கேணிக்குள். குளித்துக்கொண்டிருந்த ஊர்ப்பெண்கள் ஒவ்வொருவராக மெல்ல ஏறித் துவாயைச் சுற்றிக்கொண்டார்கள்.

விசில் ஊதிக்கொண்டு ஒருவர் ஓடிவந்தார். அவர்தான் ழான்-லூக், கேணியைப் பார்க்கிற நகரசபை ஊழியர். எல்லோரும் எங்கள் வீட்டு இவரை முன்னுக்குத் தள்ளினார்கள், பிரெஞ்சு தெரிந்தவர் என்று. இவருடைய பிரெஞ்சு குசினிப் பிரெஞ்சு. உப்பு, வெங்காயம், கெதியாய் என்பதற்கு மேலே போகாது. என்ன நடக்கிறது என்று அந்த மனிதர் கேட்க, இவர் நெஞ்சில் கை வைத்து, "நோ பேர் சோன் தான் லோ" என்றார். எங்கடை அப்பாமார் தண்ணிக்குள்ளை. ழான்-லூக் எத்தனை பேர் என்று கேட்டார். இவர் ஆறுதலாகத் திரும்பிப் ஐயரிடம் தகப்பன் பெயர் கொடுத்தவர்களை விரலால் எண்ணி, இருபத்திமூன்று என்றார்.

அந்த மனிதர் போட்டிருந்த சப்பாத்தோடு குதித்துவிட்டார். முங்குகிறார், எழும்புகிறார், திரும்பவும் முங்குகிறார். மேலே யாரோ போன் பண்ண, இரண்டு சிவப்பு வண்டியில் பொம்பியே, அதுதான் தீயணைப்புக்காரர், றப்பர் படகோடு வந்து இறங்கினார்கள். கோயில் அலுவலகத்தில் வேலை செய்கிற கோசலை நல்ல பிரெஞ்சு பேசுவாள். பஸ்ஸுக்குள் நித்திரையாய்க் கிடந்தவளை எழுப்பிக் கொண்டுவந்து, எங்கள் தகப்பன்மார் எல்லோரும் எப்போதோ செத்தவர்கள், வேறு வேறு இடத்தில் செத்தவர்கள் என்று விளங்கப்படுத்தும்வரை ஒரே அமளி. விளங்கியபோது பொம்பியேக்காரர்களில் ஒருவர் தலைக்கவசத்தைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ழான்-லூக் மட்டும் நனைந்த கோழியாய்ப் படியில் ஏறி, செத்தவர்களோடு தனக்குக் கோபமில்லை, ஆனால் நாளைக்குப் பிள்ளைகள் குளிக்கிற தண்ணீரில் ஒருவரும் சோறு போடக்கூடாது என்றார்.

சுவரின் அடியில் ஒரு மதகு இருக்கிறது. கடல் வத்தின நேரத்தில் அதைத் திறந்தால் கேணித் தண்ணீர் எல்லாம் வெளியே ஓடிவிடும். திறந்தார். எங்களுக்கு வெட்கத்தில் முகம் இல்லை. ஐயர்தான் முதலில் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டு வெறுங் கேணிக்குள் இறங்கி ஒவ்வொரு சோறாகப் பொறுக்கினார். பிறகு ஐம்பத்திரண்டு பேரும் இறங்கினோம். தும்புத்தடி, வாளி, கையில் அகப்பட்டதெல்லாம். எங்கள் சோற்றை மட்டுமில்லை, அவர்களுடைய ஒரு வருடத்துப் பாசியையும் சேர்த்துச் சுரண்டினோம். ழான்-லூக்கின் மனைவி மரி-லூயிஸ் பெரிய கூசாவில் கோப்பி கொண்டுவந்தாள். நாங்கள் வடை கொடுத்தோம். நடுவில் ஏன் ஓட்டை என்று கேட்டாள், இன்னொன்று எடுத்துக் கொடுத்தோம்.

பின்னேரம் கடல் திரும்பி வந்தது. நடக்கிற வேகத்தில் வந்தது. பார்த்துக்கொண்டிருக்கச் சேறு மறைந்தது, கல்லு மறைந்தது, சுவருக்கு மேலால் ஏறிக் கேணியை நிரப்பியது. அமாவாசைக்கும் பூரணைக்கும்தான் கடல் ஆகத் தூரம் போய் ஆக உயரமாய் வரும் என்று ழான்-லூக் சொன்னார். ஐயருக்கு அதைக் கேட்டதில் பெரிய சந்தோஷம், தானே ஏற்பாடு செய்ததுபோல. பஸ்ஸில் திரும்பிவரும்போது இவர் இருபத்திமூன்று என்று எண்ணியதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தோம். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியபிறகு நான் அழுதேன்.

அடுத்த சித்திரையில் கோயிலுக்கு ஒரு கடிதம் வந்தது. கோடை தொடங்க முன்னம் கேணியைக் கழுவுவது வழக்கம், ஊரில் ஆள் காணாது, போன ஆடியில் வந்தவர்கள்போல வேலைகாரரைத் தான் கண்டதில்லை, வருவீர்களோ என்று ழான்-லூக் எழுதியிருந்தார். போனோம். அன்றிலிருந்து வருடத்தில் இரண்டு தரம். சித்திரையில் கழுவ, ஆடியில் அமாவாசைக்கு. தர்ப்பணம் இப்போது கேணிக்குள் இல்லை. வெளியே ஈர மணலில், கடல் வத்திக்கொண்டிருக்கிற நேரம் பார்த்துச் செய்வோம். போகிற தண்ணீர் எல்லாவற்றையும் தன்னோடு கொண்டுபோய்விடும்.

கழுவுகிற வேலை சும்மா வேலை இல்லை. மதகு திறந்தால் ஐந்து மணித்தியாலம்தான் கிடைக்கும். முதலில் உள்ளே அகப்பட்ட நண்டையும் குஞ்சு மீனையும் வாளியில் அள்ளி வெளியே விடவேண்டும். நண்டில் பாதி வெளியே போகும், பாதி இவருடைய பைக்குள் போகும். பிறகு நீளப் பிடி வைத்த சுரண்டியால் பாசி. படியில் ஒட்டின சிப்பிக்கு உளி. அது காலை வெட்டும், மூன்றாம் வருடம் எனக்கு ஆறு தையல். கடைசியாய்ப் படி விளிம்புக்கு வெள்ளைச் சுண்ணாம்பு, தண்ணீருக்குள்ளும் தெரிவதற்கு. தூரத்தில் ஒரு கறுத்தக் கல்லு உண்டு, அதில் தண்ணீர் தொட்டால் எல்லோரும் மேலே ஏறவேண்டும் என்பது சட்டம். ஏறி வரிசையாய்ச் சுவரில் இருந்து, கடல் வந்து நிரப்புவதைப் பார்த்தபடி புட்டும் சம்பலும் சாப்பிடுவோம். இந்த நாட்டுக்கு வந்து முப்பத்திரண்டு வருடத்தில் எனக்கு என்ன மிச்சம் என்று கேட்டால், அந்தச் சுவரில் இருந்த நேரங்களைத்தான் சொல்வேன்.

அந்த முதல் பஸ்ஸில் வந்தவர்களில் ஒன்பது பேர் இப்போது இல்லை. அன்று பிள்ளைகளாய் வந்ததுகள் இன்று அவர்களுக்காக ஐயரிடம் பெயர் கொடுக்கிறார்கள். சுபாங்கி என்று அன்று பஸ்ஸில் என் மடியில் சத்தி எடுத்த பிள்ளை வைத்தியத்துக்குப் படிக்கிறாள், கூப்பிட்டால் பிரெஞ்சில் நேரமில்லை என்கிறாள். ழான்-லூக் ஓய்வு எடுத்துவிட்டார், முழங்கால் ஏலாது, என்றாலும் கதிரை போட்டு மேலே இருந்து கத்துவார். வத்து, பெருக்கு நேரம் போட்ட சின்னப் புத்தகம் ஒவ்வொரு வருடமும் கடைக்கு அனுப்புவார், ஆடி மாதத்தில் ஒரு நாளைச் சிவப்பால் சுற்றி 'அமாவாசே' என்று எழுதி. கொரோனாவால் இரண்டு வருடம் போகவில்லை. இந்தச் சித்திரைப் பூரணைக்குப் போனபோது பாசி கணுக்கால் அளவு. பஸ் நிறையவில்லை. பதினெட்டுப் பேர்தான்.

இனிக் கீர்த்தனனின் கதை. 2016இல் வந்த நாளில் இருந்து நாங்கள் போன ஒரு சித்திரையையும் அவன் விட்டதில்லை. தண்ணீருக்குப் பயந்த பிள்ளை, இப்போது கேணியின் நீளத்துக்கு மூச்சுப் பிடித்து நீந்துவான். ஆனால் ஆடியில் அவனுக்கு ஒரு கேள்வி இருக்கிறது. பெயர் எழுத முன்னம் ஐயர் புதுமுகம் எல்லோரிடமும் தகப்பன் இருக்கிறாரோ என்று கேட்பார். முதல் வருடம் இவனிடமும் கேட்டார். ஓம் ஐயா, என்றான். சொல்லிவிட்டு, தகப்பன் உள்ள பெடியளோடு போய்ப் பஸ்ஸடியில் நின்றான். ஐயர் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. இவன் ஒவ்வொரு வருடமும் அங்கேதான் நிற்கிறான். இப்போது அந்தக் கூட்டத்தில் இவன்தான் மூத்தவன்.

இந்தச் சித்திரையில் நானும் அவனும் வெறுங் கேணிக்குள் கடைசிப் படியில் பக்கத்தில் பக்கத்தில் இருந்து சிப்பி கொத்திக்கொண்டிருந்தோம். தலை நிமிராமல் கேட்டான்.

"மாமி, அப்பா இருக்கிறார் எண்டால் நான் செய்யிறது பாவம். இல்லையெண்டால் செய்யாமல் விடுறது பாவம். நான் எந்தப் பாவத்தை எடுக்க?"

அம்மாவைக் கேட்போம் என்றேன். அதற்குத்தான் உளியைக் கீழே வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தான்.

"அம்மாட்டைக் கேக்காதேங்கோ. கேட்டால் அவ பதில் சொல்ல வேண்டி வரும்."

அவன் வேண்டாம் என்றதைத்தான் நான் இப்போது செய்கிறேன். அதைச் சொல்லிவிட்டு அவன் திரும்ப உளியை எடுத்துக் கொத்தினான். ஆனால் அவனுக்கு இருபத்துநான்கு வயது, மச்சாள். ரெஸ்ரோரண்டில் பன்னிரண்டு மணித்தியாலம் நின்றுவிட்டு வந்தும் நித்திரை கொள்கிறானில்லை. அந்தக் கேள்வியை அவனிடம் தனியே விட எனக்கு மனம் வரவில்லை.

என் பங்கையும் சொல்லவேண்டும். கோபிக்காதேயும், கோபித்தாலும் முழுக்க வாசித்துவிட்டுக் கோபியும். 2014இல் உமக்குச் சொல்லாமல் நான் ஐயரிடம் தம்பியின் பெயரைக் கொடுத்தேன். ஐந்து வருடமாகிவிட்டது, அவன் எங்கோ பசியோடு நிற்கிறானோ என்ற நினைப்பு என்னைத் தின்றது. இவர்தான் எனக்காகக் கையில் எள்ளோடு இருந்தார். ஐயர் மந்திரத்தைச் சொல்லி, பெயரைச் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தார். தவசீலன் என்று சொல்லவேண்டும், ஐந்தே ஐந்து எழுத்து. எனக்கு வரவில்லை. என் அப்பா பூபாலசிங்கத்தின் பெயரைத் திரும்பவும் சொன்னேன். ஏற்கனவே சொன்ன பெயர்தானே அம்மா என்றார் ஐயர். ஓம், அவருக்கே இன்னொருக்கால் செய்யுங்கோ என்று சொல்லிவிட்டு எழும்பிவிட்டேன். அப்பாவுக்கு அந்த வருடம் இரட்டைச் சாப்பாடு.

ஆகவே உம்மை நான் குறை சொல்லமாட்டேன். சண்டை முடிந்த அன்று வட்டுவாகலில் ஆமி அவனைப் பஸ்ஸில் ஏற்றியதை நீர் கண்டீர், பிள்ளை கை காட்டியதாம், அவனும் காட்டினானாம். நான் இங்கே ரீவிக்கு முன்னால் இருந்தவள். மரணச் சான்றிதழ் தருகிறோம் என்று அரசாங்கக்காரர் நீட்டியபோது நீர் வாங்கவில்லை. நான் என்றாலும் வாங்கியிருக்கமாட்டேன். காணாமல் ஆக்கப்பட்டவர்களைக் கேட்டுப் போராடுகிற கிளிநொச்சிக் கொட்டிலில் அவன் படத்தைப் பிடித்துக்கொண்டு ஐந்து வருடமாய் இருக்கிறீர். தகப்பனுக்கு மகன் எள்ளுத் தண்ணீர் விட்டான் என்று யாரும் அங்கே வந்து சொன்னால், அந்தப் படத்தை நீர் எப்படிப் பிடிப்பீர் என்பதையும் நான் நினைத்துப் பார்க்காமல் இல்லை. என் தம்பி இருக்கிறான் என்று நானும் நினைக்கிறேன். இல்லை என்றும் நினைக்கிறேன். ஒரே நாளில் இரண்டையும் நினைக்கிறேன்.

இந்த வருடம் ஆடி அமாவாசை யூலை இருபத்தெட்டு, வியாழக்கிழமை. பஸ் பிடித்தாயிற்று. சிவமணி அண்ணை அதே மாதம் இருபதாம் திகதி திரும்பிவருகிறார்.

ஓம் என்றோ இல்லை என்றோ உம்மை நான் எழுதச் சொல்லவில்லை. அந்தச் சொல்லை எழுதுகிற கை எனக்கும் இல்லை. தர்ப்பணத்துக்குத் தகப்பன் வழியில் மூன்று பெயர், தாய் வழியில் மூன்று பெயர் வேண்டும். தகப்பன் வழிப் பெயர்கள் எனக்குத் தெரியும், அவை என் வீட்டு ஆட்கள். உம்முடைய பக்கத்தில் உம்முடைய அப்பாவின் பெயர் பிள்ளைக்குத் தெரியும். அதற்கு மேலே இரண்டு பெயர் எங்கள் ஒருவருக்கும் தெரியாது. உம்முடைய அம்மா ஞானம்மா மாமிக்குத் தெரிந்திருக்கும்.

சிவமணி அண்ணையிடம் மிளகாய்த்தூள் கொடுத்துவிடுவீர்தானே. அதற்குள் ஒரு துண்டில் அந்த இரண்டு பெயரும் இருந்தால், பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய் ஐயருக்கு முன்னால் இருத்துவேன். மிளகாய்த்தூள் மட்டும் வந்தால், அன்றைக்குப் பஸ்ஸடியில் அவனோடு நானும் நிற்பேன். எது வந்தாலும் ஏன் என்று உம்மைக் கேட்கமாட்டேன், போனிலும் கேட்கமாட்டேன். நீர் வேளைக்குச் சாப்பிட்டு, நித்திரை கொண்டு, நல்லாய் இருக்கவேண்டும், மச்சாள்.

இப்படிக்கு,
தவசீலனின் அக்கா
யோகராணி